என் பெயரில் ஏற்கனவே ஒருத்தி படுத்திருக்கிறாள்

இன்று கல்லறைத் தோட்ட ஆபீஸ் கவுண்டரில், என்னை ஏற்கனவே புதைத்துவிட்டதாகச் சொன்னார்கள்!

சிரிக்க வேண்டாம். நான் சிரிக்கவில்லை.

எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. சித்தூர் மிஷன் கல்லறையில், அம்மா இருக்கும் அதே குழியில் எனக்கும் இடம் எழுதி வைத்துவிடலாம் என்று போனேன்.

(கணவர் மதராஸில், தன் அப்பா அம்மாவுக்கு நடுவில் இருக்கிறார். மாமியார் அங்கேயும் எனக்கு இடம் விடவில்லை!)

கவுண்டரில் இருந்த தம்பி திருப்பதியிலிருந்து புதிதாக வந்தவர். பழைய ரிஜிஸ்டரைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"மேடம், சூடண்டி... இத பாருங்க, மேபல் யோவான்னு ஒருத்தரு ஏற்கனவே உள்ள கீறாங்களே! அப்பா, அம்மா, பொண்ணு, மூணு பேரும் ஒரே நாள்ல."

"அந்தப் பொண்ணு நான்தான்," என்றேன்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. எட்டு வயதில் இதே ஊரில் கேட்டிருக்கிறேன்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே ரங்கூன் போய்விட்டோம். அப்பாவுக்கு அங்கே அரிசி ஆலை ஆபீஸில் வேலை. எனக்குக் கான்வென்ட் படிப்பு.

வகுப்பில் பர்மியப் பெண்கள் என்னைக் "கலா" என்பார்கள். அந்நியர் என்று பொருள். (பொருள் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் சொல்லும் விதத்தில்!)

உன் ஊருக்குப் போ என்பார்கள்.

நான் நிமிர்ந்து நின்று பதில் சொல்வேன்: "எங்கள் ஊர் சித்தூர், மெட்ராஸ் ராஜதானி. அங்கே எல்லாருக்கும் என் பெயர் தெரியும்."

ஜப்பான்காரன் குண்டு போட்டான். "பின்னாடியே வந்துடறேன்" என்று சொல்லி அப்பா அம்மாவையும் என்னையும் கப்பலேற்றினார். வழியில் முகாம், காய்ச்சல், மறுபடி முகாம் என்று மாதங்கள் போயின. எழுதிய கடிதம் ஒன்றுகூட ஊர் வந்து சேரவில்லை.

சித்தூரில் பெரியப்பா வீட்டுக் கதவைத் தட்டியபோது பகல் பதினொரு மணி.

பெரியம்மா திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கதவை மூடிவிட்டாள்!

உள்ளே அவள் குரல் மட்டும் கேட்டது: "இன்னாங்க... வாசல்ல வந்து நின்னுகினு கீறாங்க. அம்மாவும் பொண்ணும். ரெண்டு பேரும்..."

பெரியப்பா வெளியே வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்ததும் உட்கார்ந்து அழுதார்.

"உங்க தெருவே எரிஞ்சுபோச்சுன்னு ரங்கூன்லேர்ந்து வந்தவன் சொன்னாம்மா. மூணு மாசம் பாத்தேன். அப்புறம் அடக்கம் பண்ணிட்டோம்."

உடல் கிடைக்காத சாவுக்கு அப்போது எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. செத்தவர்களின் துணிகளைப் பெட்டியில் வைத்துக் குழியில் இறக்குவார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள்.

நாங்கள் ஊரில் விட்டுப்போன துணிகள் எங்களுக்காகப் போயிருந்தன. அப்பாவின் கோட்டு, அம்மாவின் ஒரு சேலை, என் ஞானஸ்நான கவுன்.

முதல் ஞாயிறு கோயிலுக்குப் போனோம். நாங்கள் உட்கார்ந்த பெஞ்சு காலியாயிற்று. முன் பெஞ்சு நகர்ந்தது. பின் பெஞ்சும் நகர்ந்தது.

பிள்ளைகள் தெலுங்கில் "தெய்யம், தெய்யம்" என்று கிசுகிசுத்தார்கள். பேய் என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கோயில் மணியடிக்கும் சாலமோன் ஒருவர்தான் பக்கத்தில் வந்தார். அவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பயம் இல்ல பாப்பா, வெக்கமா கீது. உம்மேல நானே மூணு பிடி மண்ணு போட்டேன். அந்தக் கையால உன்ன எப்டித் தொடறது?"

ரங்கூனில் நான் பெருமையடித்தது பொய்யில்லை. சித்தூரில் எல்லாருக்கும் என் பெயர் தெரிந்திருந்தது. கல்லறைக் கல்லில் படித்திருந்தார்கள்.

ஒரு நடுப்பகலில் தனியாகப் போய்ப் பார்த்தேன். யோவான், ரூத், மேபல். எழுத்துப் பிழை இல்லை. (சரிபார்த்தேன்!)

அந்த வெயிலில் மற்றக் கற்களெல்லாம் சுட்டன. எங்கள் கல் மட்டும் சில்லென்று இருந்தது.

குனிந்து காதை வைத்தேன். உள்ளிருந்து இன்னொருத்தி அதே இடத்தில் காதை வைத்து, நான் இருக்கிறேனா என்று கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

அடுத்த வாரம் பெரியப்பா கல் கொத்துபவனோடு வந்தார்.

"உசுரோட கீறவங்க பேரு கல்லுல இருக்கக் கூடாதும்மா. உங்க ரெண்டு பேர் பேர மட்டும் கொத்தி எடுத்துடறோம்."

அம்மா கல்லுக்குக் குறுக்கே நின்றாள்.

"அப்போ அவர் பேரு மட்டும் அதுல தனியா நிக்கணுமா மாமா? அவரு வரட்டும். வந்தப்புறம் மூணையும் ஒண்ணா எடுங்க. அதுவரைக்கும் நானும் எம்பொண்ணும் செத்தவங்களாவே இருந்துட்டுப் போறோம்."

அப்பா வரவில்லை.

கல் அப்படியே நின்றது. வருடங்கள் போக, ஊர் எங்களோடு பேசிற்று, சிரித்தது, கல்யாணத்துக்குக் கூப்பிட்டது. ஆனால் என் கையைப் பிடிக்கும் முன்பு எல்லாரும் ஒரு நொடி தயங்கினார்கள். நான் கல்யாணமாகி மதராஸ் போகும்வரை அந்த ஒரு நொடி போகவேயில்லை.

பிறகு அம்மா நிஜமாகவே இறந்தாள். அதே குழியைத் திறந்துதான் இறக்கினோம்.

இதையெல்லாம் கவுண்டர் தம்பியிடம் சொன்னேன். பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அதான் உங்க அம்மா பேரு ரெண்டு வாட்டி வருதா மேடம்?"

"ஆமாம். எனக்கும் இரண்டாவது தடவை எழுதிக்கொள்ளுங்கள்."

"கமிட்டில கேக்கணும் மேடம். ரிஜிஸ்டர் பிரகாரம் உங்க எடத்துல ஆளு கீது." குரலைத் தாழ்த்தினார். "அப்போ... உள்ள கீறது யாரு?"

பழைய கவுன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் உள்ளே இருப்பது கவுன் அல்ல.

'எங்கள் ஊர் சித்தூர்' என்று ரங்கூனில் நிமிர்ந்து நின்று சொன்னாளே, அவள்தான். அவளுக்கு மட்டும்தான் இந்த ஊர் சொந்தமாக இருந்தது. அவளுக்கு மண் போட்டவர்கள் அழுதுகொண்டே போட்டார்கள்.

திரும்பும்போது கல்லைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல வெயில். இன்றைக்கும் சில்லென்றுதான் இருந்தது.

நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் நகர்ந்து படு என்று நான் யாரிடம் கேட்பது, கமிட்டியிடமா, அவளிடமா?