ஏழாம் பக்கத்திலிருந்து ஒரு படி பின்னால்

கதிர் வரும் நேரத்தில் பெய்த மழையில் எங்கள் சம்பா வயல் மூழ்கிவிட்டது. பயிர்ச் சேதத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிய வேண்டும். அதுவும் வயலில் நின்றால்தான் படம் ஏறும் என்றார்கள். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். குத்தாலத்தில் விவசாயத்தைப் பார்ப்பது அண்ணிதான். மயிலாடுதுறையில் ஆசிரியையாக இருக்கும் என்னை, விவரம் தெரிந்தவள் என்று வரவழைத்திருந்தார்.

முழங்கால் தண்ணீரில் நின்றபடி பெயர், சர்வே எண், உட்பிரிவு, நட்ட தேதி என்று ஏழு பக்கம் நிரப்பினேன். எட்டாவதில் படம் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. வீட்டிலிருந்து அண்ணி கூப்பிட்டார்.

"முடிஞ்சுதாம்மா?"

"இன்னும் ஒரு பக்கம் அண்ணி."

பேசிவிட்டுச் செயலிக்குத் திரும்பினால் முதல் பக்கம். பெயர்கூட இல்லை.

மறுபடியும் ஆரம்பித்தேன். ஐந்தாம் பக்கத்தில் மறுபடியும் அண்ணி. மறுபடியும் எல்லாம் போயிற்று.

"நீங்க கூப்பிடும்போதெல்லாம் எழுதினது அழிஞ்சிடுது. கூப்பிடாம இருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கொஞ்சம் தயங்கி, "நான் கூப்பிட்டா அது ஏன் அழியணும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. எழுதியதை எழுதிய இடத்தில் வைத்திருக்க அதற்கு என்ன கேடு? வகுப்பில் பாதியில் எழுந்து போய்வரும் பிள்ளையின் நோட்டை நான் கிழித்தா போடுகிறேன்?

மூன்றாம் முறை யாரும் கூப்பிடவில்லை. ஏழாம் பக்கத்துக்கு வந்தபிறகுதான், போன பக்கத்தில் உட்பிரிவை 2பி என்பதற்குப் பதில் 2ஏ என்று போட்டது நினைவுக்கு வந்தது. அது பக்கத்து வயல். ஒரு பக்கம் திருப்பத்தானே என்று பின்செல்லும் பொத்தானை அழுத்தினேன். செயலியே மூடிக்கொண்டது. திறந்தால் முதல் பக்கம். ஒரு படி பின்னால் போகச் சொன்னால் வாசலுக்கு வெளியே தள்ளிவிடுகிறது. கைப்பேசியைத் தண்ணீரில் வீசக் கை ஓங்கிவிட்டது. அது போனால் படமும் இல்லை என்பதால் இறக்கினேன்.

நான்காம் முறை ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை பார்த்துத்தான் அடுத்த பக்கம் போனேன். பதிவாகிவிட்டது.

சேற்றுக் காலோடு வீட்டுக்கு வந்தபோது அண்ணி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே அவருடைய கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது.

"உங்கண்ணன்தான். மூணு தடவையா கூப்பிடுறாங்க" என்றார். "நான் எடுக்கல. எடுத்தா உன்னோடது அழிஞ்சிடுமோன்னு."