ஹாட்யாயில் கிடைக்காத சுகுமாரன்

மலேசியாவில், புந்தோங்கில் சுகுமாரனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அப்படிச் சொல்பவர் சுகுமாரன்தான். டயர் கிடங்கில் ஸ்டோர் பார்த்து ஓய்வுபெற்றவர். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். படித்துத் தெரிந்துகொள்வதெல்லாம் கையாலாகாதவர்கள் வேலை என்ற கொள்கையை அங்கிருந்தே கூட்டிவந்துவிட்டார். கிளினிக்குக்குப் போனால் டாக்டருக்கு மருந்து சொல்வார். அவர் மனைவி கலாதேவி இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, ஒரு காதை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள்.

பழைய வேலையிடத்துக் கூட்டாளிகளோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு, வேன் பிடித்து எல்லை தாண்டி சியாமிலுள்ள ஹாட்யாய் போவதாக ஒரு சனிக்கிழமை குறித்தார். மகள் தினேஸ்வரியைப் பெண் பார்த்துவிட்டுப் போன பாரிட் புந்தார்க்காரர்கள் ஹேண்ட்போனில் கூப்பிடுவதாகச் சொன்னதும் அதே சனிக்கிழமைதான். பெரியவர்கள் கூடியிருக்க, நல்ல நேரம் முடிவதற்குள், மாப்பிள்ளையின் பெரியப்பா பெண்ணின் அப்பாவிடம் நேராகப் பேசிச் சம்மதம் கேட்டுப் பரிசத் தேதி சொல்வார். மெசேஜில் வாக்குக் கொடுக்கும் குடும்பமல்ல அது. மாப்பிள்ளை பவித்ரனை மகளுக்குப் பிடித்திருந்தது. முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் சுகுமாரனின் வாயால் கெட்டவை. இதுவும் போய்விடக் கூடாதே என்பதுதான் கலாதேவியின் கவலை.

"அன்னைக்குப் போயே ஆவணுமா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஹேண்ட்போன் கையில இருக்கு. எங்க இருந்தா என்னாலா?"

குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கிய தினேஸ்வரி பொறுமையாகச் சொன்னாள்: "அப்பா, ரோமிங் பாஸ் எடுத்துக்குங்க. சிம்ம கழட்ட வேணாம், உங்க நம்பர் அப்படியே இருக்கும். கூப்பிட்டா அடிக்கும். நானே போட்டுத் தாரேன்."

"இதுக்குத்தான் யூனிவர்சிட்டி போனியா? ஹாட்யாய் எனக்குப் பின்வாசல் மாதிரி. பார்டர் தாண்டினதும் டானோக்ல சியாம் சிம் விப்பான். ஒன்னு வாங்கிப் போட்டா வேன் பூரா ஹாட்ஸ்பாட். என்னா சுசா? ஒரு கஷ்டமும் இல்ல."

மகள் அம்மாவின் ஹேண்ட்போனை வாங்கி, பாஸை அதில் போட்டுவிட்டாள்.

டானோக்கில் சுகுமாரன் மார்தட்டிக்கொண்டு சியாம் சிம் வாங்கினார். அவர் ஹேண்ட்போனில் இரண்டு சிம் போடலாம். ஆனால் ஒரு இடத்தைப் பழைய பாட்டுகள் நிறைந்த மெமரி கார்டு பிடித்திருந்தது. பாட்டை எடுப்பதா, மலேசிய சிம்மை எடுப்பதா? வேனுக்குப் பாட்டு முக்கியம். மலேசிய சிம்மைக் கழற்றி, டிஷ்யூவில் மடித்துச் சட்டைப் பையில் செருகினார்.

"அவுங்க கூப்பிட்டா?" என்றாள் கலாதேவி.

"வாட்சப் அதே நம்பர்ல ஓடும்லா. ஒனக்கு என்னா தெரியும்?"

வாட்சப் ஓடத்தான் செய்தது. வேனில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அவர் ஹாட்ஸ்பாட்டில் வீடியோ பார்த்தார்கள். அவரும் தண்ணீர்ப் பந்தல் வைத்த வள்ளலைப் போல உட்கார்ந்து வந்தார்.

ஹாட்யாயில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது தினேஸ்வரி அம்மாவைக் கூப்பிட்டாள். "அம்மா, அவுங்க பெரியப்பா அப்பாவ சாதாரண லைன்லதான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாராம். கிடைக்கலையாம். 'பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா மொகத்துக்கு நேரா சொல்லட்டும்'னு கோவமா எழுந்திரிச்சிட்டாராம். பவித்ரன் இப்பதான் சொன்னாரு."

சுகுமாரன் சட்டைப் பையைத் தடவினார். டிஷ்யூ இல்லை. பொரித்த கோழி தின்ற வாயை அதில்தான் துடைத்திருந்தார். துடைத்ததைக் கடைக்காரப் பெண் எச்சில் தட்டோடு எப்போதோ வாரிப்போயிருந்தாள்.

"சரி, வாட்சப்லயாவது நீங்களே கூப்பிடுங்க," என்றாள் கலாதேவி.

"பொண்ணு வீட்டுக்காரன் பின்னால ஓடக்கூடாது. வேணும்னா அவுங்க கூப்பிடட்டும்."

"எந்த நம்பருக்கு?"

அவர் இன்னொரு தட்டுக் கோழி சொன்னார்.

கலாதேவி எழுந்து வெளியே போனாள். பவித்ரனை வாட்சப்பில் பிடித்து, பெரியப்பாவிடம் ஹேண்ட்போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"ஏம்மா, வீட்டுல ஆம்பள இல்லையா?"

"இருக்காருண்ணே. நம்பரத் தொலைச்சிட்டு உக்காந்திருக்காரு. எங்களுக்குச் சம்மதம். தேதிய என்கிட்ட சொல்லுங்க."

"ஒங்கிட்டயா?"

"பெத்தவ நான்தானேண்ணே."

பின்னால் ஒரு பெண்குரல், "நேரம் போவுது, சொல்லித் தொலைங்களேன்," என்றது. வளர்பிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார் பெரியப்பா. கலாதேவி சரியென்றாள்.

மேசைக்குத் திரும்பிச் சொன்னதும் சுகுமாரன் எலும்பைக் கீழே வைத்தார். "என்னைக் கேக்காம நீ எப்படித் தேதி குடுக்கலாம்?"

"ஒங்களத்தான் மொதல்ல கேட்டாங்க. நீங்க கிடைக்கல."

கூட்டாளிகள் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறியது.

திரும்பும் வழியெல்லாம் பரிசத்துக்கு யார் யாரை அழைப்பது என்று கலாதேவி மகளோடு ஹேண்ட்போனில் பேசிக்கொண்டே வந்தாள். முன்சீட்டில் சுகுமாரன், சம்பந்தம் பேசும்போது பெண் வீட்டார் எவ்வளவு பிடிகொடுக்காமல் இருக்க வேண்டும் என்று டிரைவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். டிரைவருக்குக் கல்யாணமாகிப் பேரன் இருந்தான்.