பக்கத்து சீட்டின் பெல்ட்

“அந்த மனுசன்ர பேர் இந்த வீட்டில எடுக்கப்படாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

“செத்துப் போனார் அம்மா! செத்த ஆளோடையும் கோபமோ?”

“என்ர மனுசன் பெட்டிக்குள்ள கிடக்கேக்க வந்தவரோ அவர்? இப்ப நான் மட்டும் ஏன் போகவேணும்?”

அதற்குப் பிறகு ஒரு கோப்பை உடைந்த சத்தம்.

நான் கீழ் வீட்டில் இருந்தேன். மொன்றியாலில், கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டைக் கட்டிய ஆள் இரண்டு தட்டுக்கும் நடுவில் பலகையை மிச்சம் பிடித்திருக்கிறார். மேல் வீட்டில் ஒருவர் கொட்டாவி விட்டாலும் எனக்குக் கேட்கும். நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று கோயில் வாசலில் கதைக்கிறவர்கள் முதலில் அந்த ஆளைப் பிடித்துக் கேட்கட்டும்.

ஊர்க்கதை நிறையச் சொல்வேன். உப்புப் புளி கொஞ்சம் கூட்டியும் சொல்வேன். ஆனால் இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. போன வருசம் நவம்பரில் எனக்கே நடந்தது. நம்பாவிட்டால் விடுங்கள்... வாசித்து முடித்த பிறகு காரில் தனியாக ஏறி, பக்கத்து சீட்டைப் பார்க்காமல் வீடு போய்ச் சேருங்கள், பார்ப்போம்.

கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் மேலே போனேன். என்னிடம் கறிவேப்பிலை இருந்தது. அது வேறு விசயம்.

மேல் வீட்டில் இரண்டே பேர். மன்னாரில் இருந்து வந்த அல்போன்சம்மா அக்கா, அவவின் மகள் றொஷினி. றொஷினி கார்டெறி ஒன்றில் பிள்ளை பார்க்கிறவள். செத்துப் போனவர் அக்காவின் ஒரே அண்ணன், எமிலியானுஸ். சுவிசில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில், கல்யாணம் கட்டாமல், தனியாக இருந்த மனுசன். அக்காவின் புருசன் செத்தபோது அவர் வரவில்லை. விசா கிடைக்கவில்லை என்றார். அக்கா நம்பவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அவர் போன் எடுப்பார். அக்கா காதில் வைத்து, குரலைக் கேட்டு, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவா. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பலகை.

“அன்ரி, நீங்களாவது சொல்லுங்கோ,” என்று றொஷினி அழுதாள்.

அக்கா அடுப்பைப் பார்த்தபடி நின்றா. எனக்கு அந்தக் கிழமை சூரிச்சில் தங்கச்சி மகளின் கல்யாணம். அது அவவுக்குத் தெரியும்.

“இவள் சுவிசுக்குத்தானே போறாள்... செத்தவீட்டுக்கும் போய் நிக்கட்டும். எங்கட வீட்டால ஒராள் நிண்டதாய் இருக்கட்டும்.” பிறகு திரும்பாமலே எனக்குச் சொன்னா: “நான் அனுப்பினதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை, பிள்ளை.”

கல்யாணம் முடிந்த அடுத்த நாள்தான் அடக்கம். தங்கச்சியின் புருசன் தியாகராசா, “ரயிலில போங்கோ மச்சாள். மலைப் பக்கம் உங்களுக்கு ஓடேலாது,” என்றார்.

“மொன்றியால் பனிக்குள்ள இருவத்தைஞ்சு வருசமா ஓடுறன். உங்கட மலை என்ன, பெரிய மலையோ?”

பெரிய மலைதான். ஆனால் சொன்ன வாயை எப்படி மூடுவது? விமான நிலையத்தில் ஒரு சின்னச் சாம்பல் நிறக் காரை வாடகைக்கு எடுத்தேன். அது டொச்சு, அதுதான் ஜெர்மன் பாசை, மட்டும்தான் கதைத்தது. வாடகைக்குக் கொடுத்த பெடியன் பிரெஞ்சுக்கு மாற்றப் பார்த்தான். கேட்கவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுத் திறப்பைத் தந்தான்.

அந்தப் பள்ளத்தாக்குக்குப் போக நடுவில் ஒரு மலை. மலைக்கு மேலால் இல்லை, உள்ளுக்குள்ளால் போகவேண்டும். காரை ஒரு ரயில் பெட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். எஞ்சினை நிற்பாட்டி, கைப்பிரேக் இழுத்து, காருக்குள்ளேயே இருக்கவேண்டும். ரயில் இருட்டுக்குள்ளால் கால் மணித்தியாலம் இழுத்துக்கொண்டு போய் மற்றப் பக்கம் விடும். காலையில் போனபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. கார் ஓடவும் காசு, ஓடாமல் இருக்கவும் காசு.

அந்த ஊர் வேதக் கோயிலில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். ஒருவரும் அழவில்லை. அழுவதற்கு உரித்துள்ள ஆள் ஒருவரும் இல்லை. அடக்க வேலை எல்லாம் பார்த்தது அன்டன் என்ற ஒரு தம்பி, அவரோடு ஹோட்டல் குசினியில் வேலை செய்தவர்.

“எப்பிடி மோசம் போனவர், தம்பி?”

“நெஞ்சு,” என்றார். அவ்வளவுதான். மெழுகுதிரியைச் சரிசெய்யப் போய்விட்டார். அந்த மெழுகுதிரி சரியாகத்தான் நின்றது.

பெட்டியடியில் போய் நின்றேன். பருத்த ஆள். அக்காவின் அதே மூக்கு, அதே பிடிவாதமான வாய். எனக்கு எங்கிருந்தோ ஒரு பரிதாபம் வந்தது. ஆட்களைக் கண்டால் உபசரித்துப் பழகிய வாய்...

“அண்ணை, இஞ்ச தனியக் கிடந்து என்ன செய்யப்போறியள்? ஒருக்கா எங்கட பக்கம் வாங்கோ. உங்கட தங்கச்சி இருக்கிறா,” என்றேன். “அப்ப நான் போட்டு வாறன்.”

பின்னால் நின்ற ஒரு மனுசி என் கையில் நறுக்கென்று கிள்ளினா.

“செத்தவீட்டில என்ன கதை கதைக்கிறியள்!”

அப்போதுதான் உறைத்தது. செத்தவீட்டால் வெளிக்கிடும்போது ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லக்கூடாது. ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பாராமல் நடக்கவேண்டும். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நான் அதையும் சொல்லி, செத்த ஆளைப் பார்த்து ‘வாங்கோ’ என்றும் சொல்லியிருக்கிறேன்.

சவக்காலையில் எல்லாம் முடிய இருட்டத் தொடங்கிவிட்டது. அன்டன் காரடிக்கு வந்தார்.

“எந்தப் பாதையால போறியள் அக்கா?”

“வந்த பாதைதான். கார் ரயில்.”

அவருடைய முகம் மாறியது. “வேண்டாம். லோசான் பக்கத்தால சுத்திப் போங்கோ.”

“ஏன்?”

“சும்மா.”

‘சும்மா’ என்கிறவர்களிடம்தான் கதை இருக்கும். வேறு நாள் என்றால் நின்று பிடுங்கியிருப்பேன். ஆனால் சுற்றிப் போவதென்றால் நடுச்சாமம் ஆகும். கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

ஐந்து நிமிடம் போகவில்லை.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் இருக்கிற ஆள் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு. கைப்பை பாரம் என்று நினைத்தேன். தூக்கிப் பின்னால் போட்டேன். சத்தம் நின்றது. டொச்சுக் காருக்கும் என் கைப்பையில் எரிச்சல் என்று எனக்குள் சிரித்தேன்.

இரண்டு வளைவு தாண்டியிருக்கும்.

டிங்... டிங்... டிங்...

சீட் வெறுமை.

வீதியோரம் நிற்பாட்டினேன். வெறும் பெல்ட்டை இழுத்துக் கொழுவிவிட்டால் சத்தம் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். எட்டி இழுத்தேன். வரவில்லை. திரும்ப இழுத்தேன். ஆள் சாய்ந்திருக்கும்போது இழுத்தால் எப்படி இறுகி நிற்கும்... அப்படி நின்றது.

சரி, வாடகைக் கார். பழுது. அப்படித்தான் நினைத்தேன். நினைக்கத்தானே வேண்டும்?

5:36க்கு ரயிலில் ஏற்றினார்கள். முன்னால் ஒரு வான். பின்னால் ஒருவரும் இல்லை. எஞ்சினை நிற்பாட்டினேன். எல்லா விளக்கும் அணைந்தது. மணியும் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

ரயில் அசைந்தது. மலை எங்களை விழுங்கியது.

அப்படி ஒரு இருட்டை நான் முன்பின் கண்டதில்லை. என் கை எனக்குத் தெரியவில்லை. சக்கரங்களின் இரைச்சல் மட்டும். இந்த நேரத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்தாலும் தேடுவதற்கு யார்?

அப்போது...

டிங்...

எஞ்சின் நிற்கிறது.

டிங்...

திறப்பு என் மடியில் இருக்கிறது.

டிங்... டிங்... டிங்...

விளக்கு இல்லை. சத்தம் மட்டும்.

பக்கத்தில் யாரோ மூச்செடுத்தார்கள். கஷ்டப்பட்டு.

“யேசுவே...”

சர்ர்ர்ர்... பெல்ட் இழுபடுகிற சத்தம். மெதுவாக. மிக மெதுவாக.

க்ளிக்.

மணி நின்றது.

நான் கண்ணை இறுக்கி மூடினேன். இருட்டிலும் மூடினேன்.

மற்றப் பக்கத்து ஸ்டேசன் வெளிச்சம் இமையில் பட்ட பிறகுதான் திறந்தேன்.

பக்கத்து சீட்டில் பெல்ட் கொழுவியிருந்தது.

சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. நடுவில் முன்னுக்குத் தள்ளி நின்றது. ஒரு பருத்த ஆளின் வயிறு இருந்தால் எப்படி நிற்குமோ... அப்படி.

மஞ்சள் சட்டைக்காரன் லைட்டைக் காட்டி ‘போ, போ’ என்றான். போனேன். வேறென்ன செய்வது? இறங்கி ஓட அங்கே ஒரு டெப்பனர் கடைகூட இல்லை.

முதலில் ஜெபமாலை சொன்னேன். நாக்குத் தடக்கியது. பிறகு... உங்களுக்குச் சிரிப்பு வரும். கதைக்கத் தொடங்கிவிட்டேன். எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. மொன்றியாலில் யார் யாரோடு கோபம், லாசாலில் யாருடைய மகன் யாரோடு ஓடினான், எல்லாம் சொன்னேன். அந்த இரண்டு மணித்தியாலமும் ஒருவர் என்னை இடைமறிக்காமல் கேட்டார். அப்படி ஒருவர் கேட்டு எத்தனை வருசம்!

“அக்கா உங்கட போனை வைக்கிறதுக்கு முதல் குரலைக் கேக்கிறவ,” என்றேன். “அது உங்களுக்குத் தெரியுமோ அண்ணை?”

பெல்ட் மெதுவாக உயர்ந்தது. தாழ்ந்தது.

அதற்குப் பிறகு நானும் வாய் திறக்கவில்லை.

விமான நிலையத்தில் காரைத் திருப்பி விட்டபோது, அந்த பெல்ட்டை நான்தான் கழற்றினேன். “இறங்குங்கோ அண்ணை,” என்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு மனுசரை இருட்டில் காருக்குள் விட்டுவிட்டு எப்படிப் போவது?

மொன்றியாலுக்கு வந்து சேர்ந்தேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் சரித்திரத்திலேயே முதல் தடவை.

அடுத்த ஞாயிறு மூவருமாகப் பூசைக்குப் போனோம். றொஷினி ஓட்டினாள். அக்கா முன்னுக்கு. நான் பின்னுக்கு, றொஷினிக்கு நேர் பின்னால்.

டிங்... டிங்...

“அன்ரி, பெல்ட் போட்டனீங்களோ?”

“ஓம், பிள்ளை.”

“உங்கட பக்கம் இல்லை... மற்றப் பக்கம் காட்டுது. பை ஏதும் வச்சனீங்களோ?”

நான் திரும்பவில்லை. என் பை என் மடியில் இருந்தது.

டிங்... டிங்... டிங்...

அல்போன்சம்மா அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. அப்படியே, தலையைத் திருப்பாமல், சின்னப் பிள்ளையின் குரலில் சொன்னா:

“பெல்டைப் போடுங்கோ, அண்ணை.”

என் முழங்கைக்குப் பக்கத்தில்...

க்ளிக்.

றொஷினியின் கைகள் ஸ்டியரிங்கில் வெளிறிப்போய் இருந்தன.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அன்று அன்டன் எனக்கு போன் எடுத்தார். நம்பர் நான் கொடுத்ததுதான். நான் எங்கே போனாலும் கொடுப்பேன். முதலில் என் சுகம் கேட்டார். பிறகு,

“அக்கா, அண்டைக்கு நான் உங்களுக்கு முழுக்கச் சொல்லேல்லை. அவர் என்ர காரிலதான் மோசம் போனவர்.”

“எங்க?”

“அந்த ரயிலில. மலைக்குள்ள. ஏயார்போட்டுக்கு ஏத்திக்கொண்டு வந்தனான்.”

“எங்க போக?”

“மொன்றியாலுக்கு. தங்கச்சியிட்டச் சொல்லாமப் போய்க் கதவைத் தட்டப்போறன் எண்டு, ரெண்டு கிழமையாச் சின்னப்பிள்ளை மாதிரித் திரிஞ்ச மனுசன். ரயிலடிக்கு வர முதலே நெஞ்சு இறுக்குது எண்டு பெல்டைக் கழட்டிட்டார். இருட்டுக்குள்ள மணி அடிச்சுக்கொண்டே இருந்தது அக்கா. நான் எஞ்சினை நிப்பாட்டிட்டன்... ஆனா அடிச்சுது. ‘போடுங்கோ அண்ணை’ எண்டு ஏசினன். பேந்து க்ளிக் எண்டு கேட்டுது, நிண்டிட்டுது. போட்டிட்டார் எண்டு நினைச்சன்.”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“வெளிச்சத்துக்கு வந்து பாத்தா பெல்ட் போட்டிருக்கு. ஆனா ஆஸ்பத்திரியில டொக்டர் சொன்னவர்... உயிர் போய்க் கனநேரம் எண்டு. ரயில் ஏறுறதுக்கு முதலே எண்டு. அப்ப அந்த பெல்டைப் போட்டது ஆர் அக்கா?”



அக்காவிடம் இதைச் சொல்லத்தான் மேலே ஏறினேன். கதவு பாதி திறந்திருந்தது. மேசையில் இரண்டு தேத்தண்ணி. றொஷினி வேலைக்குப் போயிருந்தாள். அக்கா முதுகைக் காட்டியபடி மன்னார்ப் பாசையில் யாருக்கோ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தா. அவ சிரித்து நான் கேட்டதே இல்லை, இந்தப் பலகைக்குள்ளாலும். சத்தம் போடாமல் இறங்கி வந்தேன்.

வைகாசியில் றொஷினி கஜீவனைக் கட்டினாள். பெடியன் சைவம். முன்னைய அல்போன்சம்மா என்றால் கோயில் கூரை பறந்திருக்கும். இப்போது ஒரு சொல்லும் இல்லை. கர்க்லாண்டில் வீடு வாங்கி, அக்காவையும் தங்களோடு வரச் சொன்னார்கள். யூலை முதலாம் திகதி, மொன்றியால் முழுக்க வீடு மாறுகிற நாளில், அவர்களும் சாமான் ஏற்றினார்கள். நான் யன்னலில் நின்றேன். அக்கா காரின் பின்கதவைத் திறந்து பிடித்தா. ஒரு பருத்த மனுசர் குனிந்து ஏறி இருக்க எவ்வளவு நேரம் செல்லுமோ அவ்வளவு நேரம் நின்றா. மெதுவாகச் சாத்தினா. பிறகு தான் முன்னுக்கு ஏறினா.

சாமான் ஏற்றத் தொடங்க முதல் என் கதவடிக்கு வந்து என் கையைப் பிடித்தவதான். ஆனால் ‘போட்டு வாறன்’ என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. செத்தவீட்டால் வெளிக்கிடுகிற ஆள் மாதிரி, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஏன் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். யோசிக்காமல் இருக்கவும் பார்க்கிறேன்.

மேல் வீட்டுக்கு இரண்டு கியூபெக் பெடியன்கள் வந்திருக்கிறார்கள். காலுறையோடு நடக்கிறார்கள். சண்டை பிடிப்பதில்லை. பலகை இருந்தும் ஒன்றும் கேட்பதில்லை. கடைக்குப் போகக் காரில் ஏறுகிறேன். பக்கத்து சீட் வெறுமை. மணி அடிப்பதில்லை. சில நாளில் சந்திச் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, அந்த சீட்டைப் பார்த்து ‘வாங்கோ’ என்ற சொல் தொண்டை வரைக்கும் வரும்...

விழுங்கிவிடுவேன். இதுவரைக்கும் விழுங்கியிருக்கிறேன்.