மொளகண்ணன் உடம்பில் ஒரு சந்து

வாசலூர்பட்டி அப்பாசாமிக்கு எந்த வேலையிலும் கடைசி முழம் பிடிக்காது. கூரை வேய்ந்தால் மூலையில் ஒரு கத்தைப் புல் பாக்கி நிற்கும். மிளகு பறிக்க ஏறினால் உச்சிக் கொடியில் நாலு சரம் தொங்கும்; கேட்டால், "கிளிக்கு இருக்கட்டும்" என்பார். வேலி கட்டினாலும் அப்படித்தான். முள்ளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடம் கண்ணில் பட்டுவிட்டால் போதும், அவர் மனசுக்கு அது சேர்ந்தாகிவிட்டது. அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"ஆளு போய் வர வழி வேணுமில்ல?" என்று அதற்கு நியாயமும் வைத்திருந்தார்.

ஆளைவிட ஆடுகளுக்குத்தான் அந்த வழி அதிகம் பயன்பட்டது. அவருடைய நாலு ஆடுகளும் அதில் புகுந்து பக்கத்து மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் தழையை மேய்ந்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு திரும்பும். காடு செல்லமுத்துவுடையது. செல்லமுத்து அப்பாசாமியின் மனைவி பெருமாயிக்குக் கூடப்பிறந்த அண்ணன். மச்சான் மாப்பிள்ளைக்குள் பஞ்சாயத்து வைக்க முடியுமா? வைக்க முடியாததால் செல்லமுத்து இரண்டு வருடமாகக் கேலி செய்துகொண்டிருந்தார். பஞ்சாயத்தே தேவலை என்று அப்பாசாமி நினைக்கிற அளவுக்கு.

இது நடந்தது 2002 மாசியில். மிளகு விவசாயிகள் சங்கம் அந்த வருடம் முதல்முறையாக மிளகைத் தானே பொட்டலம் போட்டு விற்பது என்று முடிவு செய்திருந்தது. பொட்டலத்தில் ஒரு படம் வேண்டும். சங்க அலுவலகத்தில் கணக்கு எழுதும் யமுனா, நாமக்கல் அச்சகத்திலிருந்து ஒரு படப் புத்தகம் வாங்கி வந்திருந்தாள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அது கை மாறி மாறிப் போனது. உயரமான வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு குண்டு சமையல்காரன், கரண்டியைத் தூக்கிக்கொண்டு கண்ணடித்தான்.

"இவனே இருக்கட்டும்" என்றார் செல்லமுத்து. "ஆளு நல்லாக் கொழுகொழுன்னு இருக்கறான்."

அப்பாசாமி எழுந்தார். "ஏன் மச்சா, இவன் எந்தக் காலத்துல மொளகுக்கொடி ஏறினான்? இவன் ஏறினா மரம் தாங்குமா? சேந்தமங்கலம் சந்தைல மசாலாப் பொட்டலம், சேமியாப் பொட்டலம் எதை எடுத்தாலும் இவன்தான் நிக்கறான். நம்ம மொளகுக்கு நம்ம ஆளு ஒருத்தன் வேணும். சங்கத்துக்கு வந்திருக்குதே, அந்தக் கம்ப்யூட்டர்ல நானே வரையறேன்."

செல்லமுத்து மிகப் பணிவாகக் கேட்டார். "மாப்ளே, போன வருசம் தினைக்காட்டுப் பொம்மைக்கு மூஞ்சி வரஞ்சது நீங்கதானே?"

"ஆமா."

"கிளியெல்லாம் அதும் தோள்மேல உக்காந்துதான் தின்னுச்சு. மூஞ்சி அவ்வளவு பிரியமா இருந்துச்சு."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் அப்பாசாமி படத்தைக் காட்ட வேண்டும், கூட்டம் கைதூக்கினால் அந்தப் படம், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் தொப்பிக்காரன் அச்சுக்குப் போவான் என்று முடிவானது. தோற்றால் என்ன ஆகும் என்று அப்பாசாமிக்குத் தெரியும். அதற்குப்பின் எந்த விருந்தில் அவர் இலை முன் உட்கார்ந்தாலும் செல்லமுத்து ஒரு கரண்டியைத் தூக்கிக்கொண்டு கண்ணடிப்பார். சாகிற வரைக்கும்.

செவ்வாய் காலை கால் கழுவிவிட்டு அலுவலகத்துக்குள் போனார். கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதமாகியும் அதற்குப் பூ வைப்பது நிற்கவில்லை. யமுனா பெயிண்ட் என்ற வரைகிற பலகையைத் திறந்து கொடுத்து, பென்சில் எது, வண்ண வாளி எது என்று காட்டினாள். "கோட்டுக்குள்ள வாளியை வெச்சு ஒரு அமுக்கு அமுக்குனீங்கன்னா உள்ளயெல்லாம் வண்ணம் ரொம்பிரும், அண்ணா."

அவர் மவுஸைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் குரல் கொடுத்தார். "கண்ணு, மேசை முடிஞ்சுபோச்சு. கோடு இன்னும் மேல போகோணும்."

"தூக்கி மறுபடி நடுவுல வெய்யுங்கண்ணா. அது ஒண்ணும் கோவிச்சுக்காது."

மதியத்துக்குள் ஒரு ஆள் உருவானான். உருண்டையான மிளகு உடம்பு, குச்சிக் கால்கள், தலையில் உருமால், இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணி. உடம்பின் நடுவில் இரண்டு கண்ணும் ஒரு பெரிய மீசையும். "மொளகண்ணன்" என்று பெயரும் வைத்தாயிற்று. யமுனா சாப்பிடப் போயிருந்தாள். மிளகு கறுப்பாகத்தானே இருக்கவேண்டும்? கறுப்பைத் தொட்டு, வாளியை உடம்பில் வைத்து, அமுக்கினார்.

பலகை முழுவதும் இருண்டது. ஆள் இல்லை, ஏணி இல்லை, வெறும் கறுப்பு.

"கரண்ட் போச்சு!" என்று கத்திவிட்டு மேலே பார்த்தார். பல்பு எரிந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் முதுகுப்பக்கம் போய் மோந்து பார்த்தார். கருகின வாடை இல்லை. அது உள்ளுக்குள்ளேயே கருகியிருக்கும் என்று நினைத்தார். சுவரிலிருந்த சுவிட்சைப் பட்டென்று அணைத்து, பூப்போட்ட துணியால் மூடி, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சங்கத்துச் சொத்தை எரித்துவிட்டவரின் நடை அது.

பெருமாயி சோற்றை வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, படம் ஆச்சுங்களா?"

"ஆச்சு ஆச்சு. கொஞ்சம் பாக்கி."

"அது தெரியும்" என்றாள் பெருமாயி.

புதன்கிழமை யமுனாவிடம் மெதுவாக விஷயத்தை எடுத்தார். அவள் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "எரியலீங்கண்ணா. உங்க கோட்டுல எங்கயோ சந்து இருக்குது. வண்ணம் அது வழியா வெளிய ஓடிருச்சு. ஆனா நீங்க சேவ் பண்ணாம அணைச்சுட்டீங்க. மொளகண்ணன் போயிட்டான்."

"எங்க?"

"எங்கயும் இல்லீங்க. மொதல்ல இருந்து வரையோணும்."

வரைந்தார். இம்முறை யமுனா பக்கத்திலேயே உட்கார்ந்து சேவ் செய்து வைத்தாள். வாளியை அமுக்கினார், இருண்டது. யமுனா திரும்ப வெளிச்சமாக்கிக் கொடுத்தாள். ஒரு இடத்தில் கோட்டைத் தடிப்பாக்கிவிட்டு அமுக்கினார், இருண்டது. உருமாலைச் சரிசெய்தார், இருண்டது. சாயங்காலம்வரை மொளகண்ணன் உடம்பிலிருந்து கறுப்பு வெளியே ஓடிக்கொண்டே இருந்தது.

"கோடெல்லாம் சேந்துதான் இருக்குது கண்ணு. நான் பாக்கறேனே."

"நீங்க பாத்தா சேந்துதானுங்கண்ணா இருக்கும்" என்றாள் யமுனா. செல்லமுத்துவின் காட்டைத் தாண்டித்தான் அவள் தினமும் வேலைக்கு வருகிறாள்.

வியாழன் காலையில் அவள் பூதக்கண்ணாடிப் படத்தைத் தொட்டுக் காட்டினாள். கோடு பெருத்துக்கொண்டு வந்தது. இழுத்த கோடு கோடாகவே இல்லை. கறுப்புக் கற்களைப் படி படியாக அடுக்கினதுபோல இருந்தது. அப்பாசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். சரிவில் மண் ஓடாமல் கல் அடுக்குவது அவர் பிறந்ததிலிருந்து பார்க்கிற வேலை. மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, காலிலிருந்து தொடங்கிக் கல் கல்லாக நகர்ந்தார். இடது பக்கம் சுற்றி, உருமாலுக்குக் கீழே போய், வலது தோள் இறங்கி வந்தார். இடுப்பில் வைத்த கையின் அக்குளில் ஒரு கல் இல்லை. ஒரே ஒரு கல். கையை வரைந்து கொண்டுவந்தவர், சேரும் இடம் தெரிந்ததும் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"இங்க இருக்குது திருட்டுப்பய வழி!"

ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார். படத்தைச் சிறிதாக்கி, கண்ணை மூடிக்கொண்டு வாளியை அமுக்கினார். யமுனா கைதட்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். மொளகண்ணன் கறுகறுவென்று, தன் எல்லைக்குள் நின்றான். ஆனால் மீசை கறுப்பில் கலந்து காணாமல் போயிருந்தது. அதை வெள்ளையில் திரும்ப வரைந்தார்.

சாயங்காலம் கூட்டம் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றது. முதலில் சிரித்தது தேன் எடுத்து விற்கும் கண்ணாயி.

"ஐய, இது அப்பாசாமி அண்ணனேதான்! மீசையைப் பாரு, வவுத்தப் பாரு."

"நான் எங்க கறுப்பு?"

"ஆமாமா, நீங்க செவப்பு. உங்க தலைல இருக்கற இதே உருமாலக் கழட்டிப்போட்டுச் சொல்லுங்க பாப்போம்."

பெருமாயி எட்டிப் பார்த்துவிட்டு, "இடுப்புல கைய வெச்சுட்டு நிக்கறதும் அவுருதான்" என்றாள். "வேலைய நிறுத்திப்போட்டு இப்படித்தான் நிப்பாரு."

எல்லார் கையும் உயர்ந்தது, ஒரு கையைத் தவிர. சங்கத்து வழக்கப்படி ஒருவர் கை இறங்கியிருந்தாலும் முடிவு எழுதக்கூடாது. செல்லமுத்து கையைக் கட்டிக்கொண்டு படத்தையே பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்குது மாப்ளே. தொப்பிக்காரன் இவன்கிட்ட நிக்க முடியாது. இவன் அக்குள்ல ஒரு சந்தாமே, மூணு நாளா உக்காந்து கண்டுபுடிச்சு அடச்சீங்களாமே?"

அப்பாசாமி யமுனாவைப் பார்த்தார். யமுனா விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்காட்டுப் பக்கம் ஒரு சந்து இருக்குது. ரெண்டு வருசமா. அதைக் கண்டுபுடிக்கக் கண்ணாடிகூட வேண்டாம், ஆட்டும் பின்னாலயே போனாப் போதும். அது அடைஞ்சாத்தான் என் கை மேல வரும்."

"மச்சா, விடிஞ்சா பஸ்ஸு."

"பொழுது இன்னும் இருக்குதுங்களே."

இருந்தது, ஒரு மணி நேரம்போல. கூட்டத்தை முடிக்காமல் அப்படியே நிறுத்திவிட்டு அப்பாசாமி வேலிக்கு நடந்தார். சங்கம் முழுவதும் பின்னால் வந்தது. அவர் முள்ளை வெட்டி, குத்துக்கல் நட்டு, கொடியால் இறுக்கினார். வழக்கமாக நிறுத்துகிற இடம் வந்தபோது கை தானாக நின்றது. இன்னொரு கை இடுப்புக்குப் போனது. அவர் இடுப்பிலிருந்து கையை எடுத்துக் கடைசி முள்ளையும் வைத்துக் கட்டினார். அவர் காட்டுப் பக்கம் நாலு ஆடுகளும் வேலியோரம் வந்து நின்று, நம்பாமல் பார்த்தன.

செல்லமுத்து வேலிக்கு அருகே குந்தி, கைவிரல்களை வளையமாக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார். மூக்கு முள்ளில் படாத குறையாக, கல் கல்லாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்ந்தார்.

"சேந்துதான் இருக்குது" என்று எழுந்து, கையை உயர்த்தினார். "பெருமாயி, நாளைக்கு மாப்ளைக்குக் கறி போடு. ஒரு வேலைய முடிச்சிருக்கறாரு."

"எந்த ஆட்டுக் கறி, அண்ணா?"

"எங்காட்டுத் தழையத் தின்னு தடிச்சுதே, அந்த ஆடுதான்."