ஜமீலுன்னிசாவின் இடது பக்கம்

ஜமீலுன்னிசா யாரையும் சீக்கிரம் நம்புகிற ஆள் கிடையாது. தி.நகரில் அய்யாதுரை அண்ணாச்சியின் பிளவுஸ் பிட் கடையில் ரொம்ப வருஷமாக மேட்சிங் பார்க்கிறவள். வந்த அம்மா "இதே கலர்தான், வெட்டுங்க" என்று சொன்னாலும் விடமாட்டாள். கடை டியூப்லைட்டை நம்பாமல் புடவையையும் பிட்டையும் வாசலுக்குத் தூக்கிப்போய், வெயிலில் ஒட்டவைத்துப் பார்த்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய், உன் மண்டைக்குள் அழுத்தம் ஏறிப்போச்சு, குழாய் வைக்கணும் என்றால் லேசில் ஒத்துக்கொள்வாளா?

முதலில் வெறும் தலைவலிதான். அப்புறம் கீழ்த்தட்டில் துணி எடுக்கக் குனிந்தால் ரெண்டு கண்ணும் ஒரு நொடி இருட்டிக்கொண்டு வந்தது. காதுக்குள் நாடி துடிப்பதற்கு ஏற்ப உஸ், உஸ் என்று ஒரு சத்தம். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி இல்லை என்றார்கள். முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்து அளந்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் தண்ணீர் வடியாமல் நிற்கிறது, அது கண் நரம்பைப் போட்டு நெரிக்கிறது என்றார் டாக்டர் அனுப்ரியா. மாத்திரை கொடுத்து, எடையையும் குறைக்கச் சொன்னார்.

"ஒல்லியா கீறவளுக்குத் தலவலியே வராதா?" என்று வெளியே வந்து முணுமுணுத்தாள் ஜமீலா.

மாத்திரை மேலேயும் சந்தேகம். அதைப் போட்டால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊறியது. சோடா குடித்தால் துருப்பிடித்த இரும்பு மாதிரி இருந்தது. சோடாவின் ருசியையே மாற்றுகிற மருந்து உள்ளே என்னென்ன செய்யும் என்று நினைத்து, பாதி நாள் போடவே இல்லை.

கண் டெஸ்டில் அதைவிட மோசம். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நேராகப் பார்க்க வேண்டும். ஓரங்களில் புள்ளி வெளிச்சம் வரும், தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. நம்மை ஏமாற்ற விளக்கையே போடாமல் வைத்திருக்கிறார்கள் என்று ஜமீலா முடிவு கட்டினாள். டெஸ்டில் கெட்ட பேர் எடுத்தால் கத்தியைத் தூக்குவார்கள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. தாளம் போடுகிற மாதிரி தானாகவே அமுக்கித் தள்ளினாள்.

"இந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாதும்மா, திரும்ப எடுக்கணும்" என்றார் டாக்டர். "நரம்பு வீக்கம் கூடியிருக்கு. மாத்திரை போதல. ஷன்ட் வைக்கலாம். தலையிலேர்ந்து ஒரு மெல்லிசான குழாய், தோலுக்கு அடியிலேயே கழுத்து வழியா வயித்துக்குப் போகும். அதிகமான தண்ணி அங்க வடிஞ்சிடும். தள்ளிப் போட்டா பார்வை போயிடும்."

நல்லா எழுதினால் நம்பமாட்டார்களாம். எப்படியும் அறுக்கத்தான் பார்க்கிறார்கள் என்று ஜமீலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது.

அவள் புருஷன் மெஹபூப் பாஷா மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான். "எங்க ஸ்டாண்டு ஷரஃபுதீன் தம்பிக்கு இதே கொழாதான். ரெண்டு தபா அடச்சிக்கினு திரும்பத் திரும்ப அறுத்தானுங்கோ. போவாத."

"நான் எங்க போறேன்னேன்" என்றாள்.

இதற்கு நடுவில் கடையில் வேறு ஒரு தொல்லை. மேலே பரணிலிருந்து கடைப் பையன் ராம்குமார் துணிக்கட்டைத் தூக்கிப் போடுவான். கீழே இருப்பவர்கள் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டிப் பிடிப்பார்கள். அந்தக் கடையில் பழகினவர்கள் எல்லோருக்கும் அது வரும். கொஞ்ச நாளாக ஜமீலாவின் இடது பக்கம், கூட வேலை பார்க்கும் முத்துலட்சுமி வந்து ஒட்டிக்கொண்டாள். ஜமீலாவுக்கு வரும் கட்டையும் அவளே பிடித்தாள். எப்போது வருகிறாள், எப்போது போகிறாள் என்றே தெரியாது, பூனை மாதிரி. தன் வாசல் பக்கத்து இடத்தைப் பிடிக்கத்தான் இத்தனை வேலையும் என்று ஜமீலா கறுவிக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் முத்துலட்சுமி சாப்பிடப் போயிருந்தாள். மேலேயிருந்து வந்த கட்டு ஜமீலாவின் காதோடு சேர்த்து அறைந்தது. தடுமாறிக் கல்லாவில் சாய்ந்தாள்.

"டேய், அவ இல்லாத நேரம் பாத்து அடிக்கிறியா? ரெண்டு பேரும் கூட்டா?"

ராம்குமார் பரணிலிருந்து எட்டிப் பார்த்தான். "அக்கா, சத்தியமா கொரல் குட்துட்டுத்தான் போட்டேன்."

"ஏம்மா, அவன் கொரலு எனக்கே கேட்டுச்சே" என்றார் கல்லாவில் இருந்த அண்ணாச்சி.

கைகழுவிய ஈரத்தோடு முத்துலட்சுமி ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஜமீலாவை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எதுத்தாப்ல கீற ஜூஸ் கடை போர்ட பாரு. தலைய ஆட்டாத."

"இன்னாடி வெளையாட்டு?"

"பாருன்னா பாரேன்."

ஜமீலா பார்த்தாள். தெருக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

"இன்னா கலரு?"

"எது இன்னா கலரு? மொதல்ல காட்டு."

"காட்டிக்கினுதான் கீறேன்."

பொய் சொல்கிறாள் என்று ஜமீலா சட்டென்று இடது பக்கம் திரும்பினாள். நல்ல மிளகாய்ச் சிவப்புத் துணி, காதுக்கு ஒரு சாண் தள்ளி, கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இந்த வெயிலிலும் தெரியவில்லை. முத்துலட்சுமியின் கை வலித்துப்போயிருக்க வேண்டும், இன்னொரு கையால் முட்டியைத் தாங்கியிருந்தாள்.

"ரெண்டு மாசமா இப்டித்தான் கீற. சொன்னா நம்புவியா நீ? எம்மேலயே பாய்வ. அதான் அந்தப் பக்கம் நின்னேன்."

ஜமீலா துணியைப் பிடுங்கி, தானே பிடித்துப் பார்த்தாள். முன்னால் கொண்டுவந்தால் சிவப்பு. மெல்ல ஓரத்துக்குத் தள்ளினால், ஒரு இடத்தில் கத்தரித்த மாதிரி காணாமல் போனது. திரும்பத் திரும்பச் செய்தாள். அவள் கையே அவளிடம் பொய் சொல்லுமா?

மறுநாள் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தபோது, தெரிந்ததற்கு மட்டும் அமுக்கினாள். பட்டன் பெரும்பாலும் சும்மாவே இருந்தது.

"கொழா அடச்சிக்குமா?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"சிலருக்கு அடைக்கும். திரும்ப ஆபரேஷன் பண்ண வேண்டி வரும். உள்ளே கிருமி தொத்திக்கவும் வாய்ப்பிருக்கு."

"அப்ப போன பார்வ?"

"அது வரும்னு நான் சொல்ல மாட்டேன். மிச்சத்தைக் காப்பாத்தத்தான் இது."

ஜமீலா அவர் முகத்தையே பார்த்தாள். விற்க வந்தவர் தன் சரக்கில் இத்தனை ஓட்டை சொல்லமாட்டார். அண்ணாச்சிகூடச் சொல்லமாட்டார்.

"எப்ப சேரணும்?"

வெளியே ஆட்டோவில் சாய்ந்திருந்த மெஹபூப் பாஷா நிமிர்ந்தான். "இன்னா சொன்னாங்கோ?"

"திங்கக்கெழம ஆபரேசன்."

"நான் ஒத்துக்கல."

"உன் தலய யாரும் கேக்கல. வா, டீ குடிக்கலாம்."

ரோட்டைக் கடக்க இறங்கினார்கள். அவன் வழக்கம்போல் வலது பக்கம் வந்தான். ஜமீலா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"லெஃப்டுல வாய்யா. அங்க பஸ்ஸு வந்தாலும் எனக்குத் தெரியாது."

பாஷா சுற்றிப் போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டான்.