காப்பை அறுத்த நாள்

தலைவலியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வயதுக்கு வந்ததிலிருந்து அதோடுதான் குடித்தனம். முதலில் கண்ணில் மினுமினுக்கும், பிறகு ஒரு பக்கப் பொட்டில் இடிக்கும், குமட்டும். நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு இருட்டறையில் ஒரு நாள் கிடந்தால் போய்விடும். சிராங்கூன் சாலையில் எருமைக் கொட்டில்களை ஒட்டியிருந்த எங்கள் வரிசை வீடுகளில் எனக்குத் ‘தலைவலிக்காரி’ என்றே பெயர். பால்காரரான என் கணவரும் அந்தக் கேலியில் சேர்ந்துகொள்வார். அவருக்குத் தலைவலி என்றால் என்னவென்றே தெரியாது.

அப்படிப்பட்டவர் ஓர் ஐப்பசியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தீமிதிக்கு நேர்ந்துகொண்டு மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்த நேரம். காப்புக் கட்டியவர் ஒரு வேளைதான் சாப்பிடுவார், சாவு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். ஆஸ்பத்திரியையும் எங்கள் ஆட்கள் சாவு வீட்டுக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். உள்ளே போனவன் திரும்பியதில்லையாம். உயிர் போகிற நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓடினால் எவன் திரும்புவான்? இதைக் கேட்டால் என்னை வாயாடி என்பார்கள்.

“பட்டினி கிடந்தா தலை வலிக்கத்தான் செய்யும்மா. உன் சீக்கு அவனுக்கும் ஒட்டிக்கிச்சு போல,” என்று சிரித்தார் கணவரின் அண்ணன்.

நானும் பற்றுப் போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை. என் வலி ஒரு நாளில் இறங்கிவிடும். இவருடையது விடிய விடிய ஏறிக்கொண்டே போனது. வெறும் வயிற்றோடு வாந்தி எடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. வலது காலிலிருந்து செருப்புக் கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் காலை இழுத்து இழுத்து நடந்தார். என்னைப் படுத்திய எந்தத் தலைவலியும் என் காலைத் தொட்டதில்லை.

“அம்மன் இறங்கியிருக்கா. அவனை எழுப்பாதே,” என்றார் அண்ணன். வீட்டில் கூடியவர்கள் என் கணவர் நெற்றியில் திருநீறு பூசிக் கும்பிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காப்புக் கட்டுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஓர் எருமை தலையை உதறியதில் இவர் கொட்டில் தூணில் போய் மோதியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தலை புடைத்திருந்தது. சிரித்துவிட்டுப் பால் ஊற்றப் போனவர் அவர்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்,” என்றேன்.

அண்ணன் வாசலை மறித்து நின்றார். “காப்போட அங்க போகக் கூடாது.”

இடுப்பில் செருகியிருந்த பாக்குவெட்டியை எடுத்துக் காப்பை அறுத்தேன்.

“உன் தாலியை நீயே அறுத்துக்கிட்டே,” என்றார் அவர்.

நானும் அம்மனுக்குப் பயப்படுகிறவள்தான். ஆனாலும் கணவரின் கையை என் தோளில் போட்டு, அண்ணனை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

முனையில் கடை வைத்திருந்த நாகூர்க்காரர் ஒருவர்தான் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டுவந்தார். “தங்கச்சி, நீங்க அவரைச் சாஞ்சிடாம பிடிச்சுக்குங்க. நான் பின்னாலயே வர்றேன்,” என்றார்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். அவர் கேட்டதைக் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் தமிழில் சொன்னார். “சமீபத்துல தலையில அடி ஏதும் பட்டுச்சா?” எங்கள் வரிசையில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. எருமை, தூண், வாந்தி, கால் எல்லாவற்றையும் சொன்னேன். மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்துகிறது, எலும்பில் துளை போட்டு வெளியேற்ற வேண்டும் என்றார்கள். தாலியைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பிழைத்துவிட்டார். நினைவு தெளிந்ததும் மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

“யாரு அறுத்தது?”

“நான்தான்.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கம்பக்கத்தில் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே தயங்கினார்கள். அவர் கண்ணெதிரே நடமாடினால் போதும் என்று இருந்துவிட்டேன். ஆனாலும் வலித்தது.

அடுத்த ஐப்பசியில் என் தலைவலி வந்தது. இருட்டறையில் துணியால் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்தான்.

“இது உன் பழைய வலிதானா? இல்ல வேற மாதிரி இருக்கா?”

“பழசுதான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. காலை அசைச்சுக் காட்டு.”

அசைத்துக் காட்டினேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னா இப்பவே போயிடலாம். ரிக்‌ஷா வாசல்ல நிக்குது,” என்றார்.

துணியை விலக்கிப் பார்த்தேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்க்க நீண்ட அவர் கையில் புதுக் காப்பு இருந்தது.