என் கையில் நின்ற தேங்காய்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை ஆறு இருபது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மேல்காற்று அந்த நேரத்திலேயே சூடாக அடித்தது. காவாந்தண்டலத்தில் என் ஒன்றேகால் ஏக்கர் நிலத்தின் ஈசானிய மூலையில், முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்திய என் உள்ளங்கையில், படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்றது.

சொர்ணவாரி நெல் கதிர் வாங்கும் சமயம் பார்த்துக் கிணறு வற்றியிருந்தது. பத்து நாளுக்குள் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர். கையிலிருந்த பணம் ஒரே ஒரு போர் போடத்தான் போதும். உத்திரமேரூரிலிருந்து நிலத்தடி நீர் பார்க்கும் மீட்டரோடு வந்தவர் நான்கு கம்பிகளைத் தரையில் அடித்து, நாலு மணி நேரம் அளந்து, களத்துமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போனார். எனக்குத் திருப்தி. என் மனைவிக்கு இல்லை. பக்கத்தில் பெருநகர் கிராமத்திலிருந்து தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

படுக்கவைத்த தேங்காயைக் கையில் ஏந்தி அவர் நடந்தார். ஈசானிய மூலையில் அது நிமிர்ந்தது. நான் வகுப்பெடுக்கும் குரலில், "உங்களுக்கே தெரியாம விரல் அசையுது, அவ்வளவுதான்" என்றேன்.

"அப்டியா சார்? அப்ப அசைக்காம நீங்களே வச்சிக்கினு நடங்க. இன்னா பிளட்டு உங்களுது?"

"ஓ பாசிடிவ்."

"அப்ப தப்பிக்கவே முடியாது சார். அந்த பிளட்டு கையிலதான் தேங்கா நல்லா நிக்கும்."

அவரைப் பொய்யாக்கத்தான் நடந்தேன். பதினோராவது எட்டில் நின்றது.

"இன்னாங்க, வெரல ஆட்டினீங்களா?" என்றாள் மனைவி.

"இல்லையே."

"அப்ப இன்னா?"

முப்பத்தொரு வருஷத்தில் எந்த மாணவனும் என்னை இப்படி நிறுத்தியதில்லை.

அடுத்த நாளிலிருந்து நம்பாமலிருக்க முயன்றேன். துண்டால் என் கண்ணைக் கட்டி நிலம் முழுக்க நடத்திச் செல்லும்படி மனைவியிடம் சொன்னேன். ஏழு தடவை நடந்தேன். தேங்காய் ஏழு தடவையும் நின்றது, ஏழு வெவ்வேறு இடங்களில். அதில் ஒன்று பக்கத்து நிலக்காரரின் வரப்பு.

"ஏழு எடத்துல நின்னா எத்த நம்புறது? பேஜாரு புடிச்ச தேங்கா. சட்னிக்கு ஆவும்" என்று மனைவி அதை வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கு நம்பிக்கை அந்த நிமிஷமே உதிர்ந்துவிட்டது. அவள் அதைத் தள்ளவில்லை. பழுத்த இலை மாதிரி தானே விழுந்தது. எனக்கு ஏன் விழவில்லை? கண்ணைக் கட்டினால் தேங்காய்க்கும் குழப்பம் வராதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எதை நம்புவது என்று அவரவர்தான் பார்த்து எடுக்கவேண்டும் என்று பிள்ளைகளிடம் பேசியவன் நான், ஏதோ கடையில் சட்டை எடுப்பதுபோல. எனக்கு வந்த நம்பிக்கையோ விக்கல் மாதிரி. விக்காதே என்று எனக்கு நானே உத்தரவு போட்டுப் பார்த்தேன். போட்டுவிட்டு, மறுபடி விக்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை திருச்செங்கோட்டு போர் லாரி வந்தது. "எங்கீங்க சார் போடறது?" என்றார் லாரிக்காரர். செங்கல்லைக் காட்டுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன். வாய் சொன்னது: "ஈசானிய மூலையில."

"மீட்டர்காரன் செங்கல்லு அங்க கீது!" என்றாள் மனைவி.

"தெரியும்" என்றேன். உண்மையிலேயே தெரியும்.

நூறடியில் புழுதி. இருநூறில் புழுதி. முன்னூறில் வெள்ளைப் புழுதி பறந்து என் தலைமுடியோடு சேர்ந்துகொண்டது.

"வெறும் பொகைதானுங்க வருது. நிறுத்திரலாமுங்களா?"

"இன்னும் இருபதடி."

தண்ணீர் வராத ஒவ்வொரு அடிக்கும் என் நம்பிக்கை குறைந்திருக்க வேண்டும். ஏறியது. இவ்வளவு தூரம் ஒளிந்திருக்கிறதென்றால் அது எவ்வளவு பெரிய ஊற்றாக இருக்கும்! இன்னொரு இருபதடி என்றேன். முன்னூற்று நாற்பதில் மனைவி லாரியருகே போய்க் கையை நீட்டினாள். "நிறுத்துப்பா! வுட்டா இவரு பாதாளத்துக்கே போயி மொண்டுக்கினு வருவாரு."

தன் இரண்டு வளையல்களை அன்றைக்கே அடகு வைத்து, லாரியைச் செங்கல்லுக்கு நகர்த்தினாள். நூற்று ஐம்பதடியில் தண்ணீர் பீறிட்டது. நெல் பிழைத்தது. மீட்டர்காரர் சொன்னது சரி, நான் வகுப்பில் சொன்னது சரி, மனைவி சட்னி அரைத்தது சரி.

இருந்தும் அந்தத் தண்ணீரில் கால் கழுவும்போதெல்லாம் ஈசானிய மூலையைத்தான் பார்க்கிறேன். அங்கே, முன்னூற்று நாற்பதுக்கும் கீழே, ஒரு இருபதடியில், நல்ல ஊற்று இருக்கிறது. இல்லை என்று தெரியும். தெரிவது வேறு டிபார்ட்மென்ட்.

என்னைக் கேட்காமல் வந்து உட்கார்ந்த நம்பிக்கை. பணத்தை மட்டும் என்னிடம்தான் கேட்டார்கள். முதல் முன்னூறு அடிக்கு நூறு வீதம், அதற்குமேல் நாற்பது அடிக்கு நூற்றுப்பத்து வீதம்: முப்பத்துநாலாயிரத்து நானூறு ரூபாய்.